பாடுபட்டவனுக்கு ஒரு பாடு

ஸுபஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசல்களிலிருந்து ஜனங்கள் கலைந்து செல்லும் வேளையில் நிந்தவூர்க் கடற்கரைக்குச் சென்று நிற்பவருக்கு, கிழக்கே வங்கக் கடலின் விளிம்பில் வெளுத்துவரும் ஆகாயத்தையும், ஈரமணலில் இரு வரிசையாக நின்று கரைவலைக் கயிற்றை ஒரே தாளத்தில் இழுக்கும் மனிதர்களையும் ஒருங்கே காணும் பாக்கியம் கிடைக்கிறது. கடல் எல்லோருக்கும் பொதுவாயினும் வலை வளைப்பதற்குத் தகுந்த கரை குறுகியது. அக்கரையை நாடுவோரோ பலர். ஆகையால் இன்று யாருடைய வலை இறங்குவது, நாளை யாருடையது என்பதை வலியவனின் தோளுக்கும் வாயாடியின் நாவுக்கும் விட்டுவிடாமல், முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் தர்மத்தை நெய்தல் நிலத்து மக்கள் நெடுங்காலமாகப் பேணி வந்திருக்கின்றனர். வலை இறக்குவதற்கான அந்த இடத்தையும் அதற்குரிய முறையையும் தமிழ்க் கடற்கரையின் பல பகுதிகளில் ‘பாடு’ என்று சொல்வார்கள். சரீரம் வருந்திச் செய்யும் உழைப்புக்கும் நம் மொழியில் பாடு என்றே பெயர். இடமும் உழைப்பும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கும் இந்த விசேஷம், இக்கட்டுரையில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு ஒரு திறவுகோலாக அமைகிறது.

விஷயம் மீன்பிடியைப் பற்றியதன்று. நீந்தி, துவிச்சக்கர வண்டி மிதித்து, அதன்பின் ஓடி, மூன்றையும் இடையே ஓய்வின்றி ஒரே நாளில் முடிக்கும் ட்ரயத்லன் என்னும் போட்டியில், அதிலும் நெடுந்தூரப் போட்டிகளில், பங்குகொள்வதற்கான ஓர் இடத்தைப் பெறுவது எவ்வளவு அரிது, அந்த இடம் எவ்வெவ் வழிகளில் பங்கிடப்படுகிறது, அவ்வழிகளுள் எது நியாயமானது என்பதே நம் ஆராய்ச்சி. இதனால் நிந்தவூருக்கு என்ன என்று கேட்பவர், இறுதிவரை பொறுமையோடு நம்முடன் வருவாராக.

பதினைந்து பேரின் பந்தயம்

முழுத்தூர ட்ரயத்லன் என்பது 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. அயன்மேன் போட்டிகளில் இதை 17 மணித்தியாலங்களுக்குள் முடித்தாக வேண்டும். இதில் சரிபாதி தூரத்தைக் கொண்ட போட்டி, மொத்தத் தூரத்தை மைலில் கணக்கிட்டு ‘70.3’ என்று வழங்கப்படுகிறது. அந்தப் பாதியையே நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் நீந்தி, ஈரம் காய்வதற்குள் சைக்கிளில் ஏறி நிந்தவூரிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒப்பான வழியை மிதித்து, இறங்கிய கையோடு கல்முனைக்கு ஓடித் திரும்பி, அதற்கு மேலும் சிறிது ஓடுவதாகும்.

இந்த எண்ணம் பிறந்த வரலாறு எளியது. 1977 ஆம் ஆண்டு, ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாஹுவில் ஓட்டப் போட்டியொன்றின் பரிசளிப்பு வைபவத்தில், நீச்சல்காரர், சைக்கிள்காரர், ஓட்டக்காரர் ஆகியோருள் உடல்வலிமையில் சிறந்தவர் யார் என்ற வாதம் எழுந்தபோது, அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜோன் கொலின்ஸ், அத்தீவில் தனித்தனியே நடந்துவந்த மூன்று பெரும் பந்தயங்களின் தூரங்களை ஒன்றாகக் கோத்து, மூன்றையும் யார் முதலில் முடிக்கிறாரோ அவரையே ‘அயன்மேன்’, அதாவது ‘இரும்பு மனிதர்’, என்று அழைப்போம் என்றார். 1978 பெப்ரவரி 18 ஆம் திகதி அப்பந்தயத்தைத் தொடங்கியவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். முதலாவதாக வந்த கோர்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. மறு ஆண்டிலும் தொடங்கியவர் 15 பேரே; அவர்களுள் லின் லெமேர் என்ற பெண்மணி ஆண்களோடு சேர்ந்து நீந்தி, மிதித்து, ஓடி, மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். அந்நாளில் இடம் பெறுவது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. வருவேன் என்று சொன்னவர் வந்தார், அவ்வளவுதான்.

1982 பெப்ரவரியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் அந்த எளிமைக்கு முடிவு கட்டியது. முன்னணியில் ஓடிவந்த ஜூலி மோஸ் என்ற இளம்பெண், இறுதிக்கோட்டுக்குச் சில அடி தூரத்தில் கால்கள் துவண்டு விழுந்து, எழுந்து, மீண்டும் விழுந்து, வேறொருத்தி தம்மைக் கடந்து வெற்றி பெறுவதைக் கண்ட பின்னரும் மனந்தளராமல், கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து கோட்டைத் தொட்ட காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட லட்சக்கணக்கான ஜனங்களின் உள்ளத்தில், வெற்றி பெற்றவரின் பெயரைவிடத் தவழ்ந்தவரின் உருவமே ஆழமாகப் பதிந்தது. முடிப்பதே ஒரு கீர்த்தி என்ற எண்ணம் அன்று பரவியது. முதலிடத்தை ஒருவரே அடைய முடியும். முடிக்கும் அபிலாஷையோ யாருக்கும் வரலாம். அதன்பின் ஆசைப்பட்டோரின் தொகை இடங்களின் தொகையை மீறிப் பெருகியதில் வியப்பில்லை.

நான்கு வாசல்கள்

ஓரிடத்தைப் பலர் நாடும்போது அதைப் பங்கிடுவதற்கு மனித சமூகம் கண்ட வழிகள், கூர்ந்து நோக்கினால், நான்கே. திறமைக்குக் கொடுப்பது ஒன்று. சீட்டுக் குலுக்கிக் கொடுப்பது மற்றொன்று. வரிசையில் முந்தி நிற்பவருக்குக் கொடுப்பது மூன்றாவது. பணம் தருபவருக்குக் கொடுப்பது நான்காவது. நெடுந்தூர ட்ரயத்லன் உலகில் இந்நான்கு வாசல்களும் திறந்தே இருக்கின்றன.

முதல் வாசல் திறமை. ஹவாய்த் தீவின் கோனாவில் நடைபெறும் உலகப் போட்டிக்குச் செல்ல விரும்புபவர், வேறோர் இடத்தில் நடக்கும் முழுத்தூரப் போட்டியில் தம் வயதுப் பிரிவினருள் முன்னணியில் வந்து இடம் சம்பாதித்தல் வேண்டும். நெடுங்காலமாக நிலவிவந்த வழக்கத்தின்படி, போட்டி முடிந்தபின் ஒரு மண்டபத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் அங்கே நேரில் இருந்து, அப்பொழுதே கட்டணம் செலுத்தி ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லையேல் அந்த இடம் அடுத்தவருக்கு இறங்கிச் செல்லும். ஐந்தாவதாக வந்தவரும் எட்டாவதாக வந்தவரும், தமக்கு முன்னே உள்ளவர்கள் வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்ற நப்பாசையோடு, வலிக்கும் கால்களை நீட்டிக்கொண்டு அந்த மண்டபத்தில் காத்திருப்பார்கள். உழைத்தவனுக்கே இடம் என்னும் இவ்விதியில் ஒரு கம்பீரமான நியாயம் உண்டு. ஆயினும் அப்பியாசத்துக்கு வேண்டிய அவகாசமும், நல்ல சைக்கிளும், பயிற்றுநரும், வெளிநாடு சென்று போட்டியிடும் வசதியும் பிறப்பிலேயே வாய்த்தவருக்கும் வாய்க்காதவருக்கும் கோடு ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இரண்டாவது வாசல் சீட்டு. நோர்வேயில் அதிகாலைக் குளிரில் கப்பலின் தளத்திலிருந்து ஆழ்ந்த கடற்கழிக்குள் குதித்துத் தொடங்கி, மலையுச்சியில் முடியும் ‘நோர்ஸ்மன்’ போட்டிக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் குலுக்கலினாலேதான். கோனாவிலும் 1983 முதல் சாதாரண மனிதருக்கென ஒரு பகுதி இடங்கள் குலுக்கலில் கொடுக்கப்பட்டு வந்தன. ஆனால் காலம் செல்லச் செல்ல, அந்தக் குலுக்கலில் பெயர் சேர்ப்பதற்கே கட்டணம் வாங்கப்பட்டது. மேலும் பணம் கட்டிச் சேருவோருக்குக் கூடுதல் வாய்ப்பும் வழங்கப்பட்டது. பணம் கொடுத்து, அதிர்ஷ்டத்தை நம்பி, பரிசை எதிர்பார்ப்பது சட்டப்படி லொத்தரேயன்றி வேறில்லை என்று 2015 இல் அமெரிக்க அரச வழக்கறிஞர் அலுவலகம் தலையிட்டதன் விளைவாக, அமைப்பாளர்கள் 27 லட்சம் டொலருக்கும் மேற்பட்ட தொகையைக் கையளித்து, அந்தக் குலுக்கலையே கைவிட நேர்ந்தது.

நம் சமூகத்தவருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. பணம் வைத்து அதிர்ஷ்டத்தோடு ஆடுவது சூது என்றும், அது விலக்கப்பட்டது என்றும் நாம் சிறுபிராயத்திலேயே ஓதிக் கற்றிருக்கிறோம். ஆயினும் சம உரிமையுள்ள பலருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேறு வழியில்லாதபோது சீட்டுப் போடுவதை மார்க்கம் விலக்கவில்லை. தொழுகையின் முதல் வரிசைக்குள்ள மாண்பை மக்கள் உண்மையில் அறிந்தால் அதற்காகச் சீட்டுப் போடவும் முன்வருவார்கள் என்ற கருத்துடைய நபிமொழியை நம் ஆலிம்கள் எடுத்துரைக்கக் கேட்டிருக்கிறோம். ஒரே சீட்டு, ஒரே குலுக்கல். எல்லோர் பெயரும் ஒருமுறையே எழுதப்பட்டிருந்தால் அது நியாயம். காசு கொடுத்தவன் பெயர் இருமுறை எழுதப்பட்டால் அது சூது. அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சட்டநூலைப் புரட்டிக் கண்ட முடிவும், நம் வீட்டு முதியோர் மார்க்கத்திலிருந்து அறிந்த முடிவும் இவ்விஷயத்தில் ஒன்றாகவே இருக்கின்றன.

மூன்றாவது வாசல் வரிசை. இதற்கு உலகறிந்த உதாரணம் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள ரோத். அது ஏறக்குறைய 25 ஆயிரம் பேர் வாழும் சிறிய நகரம். சனத்தொகையில் நம் நிந்தவூருக்குப் பெரிதும் மாறுபடாதது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மலையும் பெருங்கடலும் அங்கில்லை. மைன் நதியையும் தன்யூப் நதியையும் இணைக்கும் ஒரு கால்வாயும், வயல்களுக்கிடையே செல்லும் தெருக்களுமே உண்டு. 1984 இல் உள்ளூர் ஆர்வலர் ஒருவர் ஒரு சிறு கூட்டத்தோடு தொடங்கிய பந்தயம், இன்று மூவாயிரத்துக்கு மேற்பட்ட தனிவீரர்களையும் பல நூறு குழுக்களையும் இழுத்து, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்களின் கைகளால் நடத்தப்படும் பெருவிழாவாக வளர்ந்துவிட்டது. ஆண்களுள் மக்னஸ் டிட்லெவ் 7 மணி 23 நிமிடம் 24 விநாடியிலும், பெண்களுள் ஆன் ஹாவுக் 8 மணி 2 நிமிடம் 38 விநாடியிலும் முழுத்தூரத்தைக் கடந்தது 2024 இல் அதே ரோத்தில்தான்.

அடுத்த ஆண்டுக்கான இடங்கள் இணையத்தில் திறக்கப்பட்டால் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துபோகின்றன. அந்த ஒரு நிமிடத்தில் விரலின் வேகமும் இணைப்பின் வேகமும் மட்டுமே பேசுகின்றன. ஆனால் ரோத்காரர்கள் இன்னொரு வாசலையும் அடைக்காமல் வைத்திருக்கிறார்கள். போட்டி முடிந்த மறுநாள் திங்கட்கிழமை காலையில் நேரில் வந்து நிற்போருக்கென ஒரு பகுதி இடங்கள் ஒதுக்கப்படுகின்றன; அதற்காக முன்னிரவிலேயே போர்வையும் பாயுமாக வந்து, வெட்டவெளியில் படுத்துறங்கி, விடியும்வரை வரிசை காப்போர் பலர். இணையத்தில் முந்துவதற்கு இயந்திரம் போதும். இரவெல்லாம் காத்துக்கிடப்பதற்கோ மனச்சங்கற்பம் வேண்டும். ஹஜ் யாத்திரைக்குப் பெயர் கொடுத்துவிட்டு முறை வரும்வரை வருஷக்கணக்காகக் காத்திருக்கும் முதியோர்கள் வாழும் ஊரில், காத்திருப்பும் ஒரு தகுதியே என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது வாசல் பணம். எல்லா வாசல்களிலும் கட்டணம் உண்டாயினும், அறப்பணிக்கு நிதி திரட்டித் தருவோருக்கென்றும் பிரயாண ஏற்பாட்டு நிறுவனங்கள் மூலமாக வருவோருக்கென்றும் தனியாக ஒதுக்கப்படும் இடங்கள் இவ்வாசலைச் சேர்ந்தவை. அறப்பணி போற்றத்தக்கதே. எனினும் ஒரு டொலருக்கு 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலும், 400 டொலர்க் கட்டணம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாவாகிவிடும் ஒரு தேசத்தில், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஓர் இளைஞருக்கு அவ்வாசலின் நிலை தலைக்கு மேலே உயர்ந்துவிடுகிறது.

இடத்துக்கு வேறோர் எல்லையும் உண்டு. அது ஊரின் கொள்ளளவு. 2022 இல் கோனாவில் ஐயாயிரம் பேருக்கு இரண்டு நாட்களில் போட்டி நடத்தப்பட்டபோது, இவ்வளவு பாரத்தைத் தாங்க இயலாது என்று அத்தீவின் மக்கள் முறையிட்டார்கள். அதன் பயனாக, அடுத்த மூன்று ஆண்டுகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரிய உலகப் போட்டிகளைப் பிரான்சின் நீஸ் நகரமும் கோனாவும் மாறிமாறி ஏற்றன. விருந்தினரை அழைப்பவர் முதலில் தம் முற்றத்தின் அளவை அறிந்திருக்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

அருகில் வந்து அகன்ற வாசல்

நமக்கு மிக அருகில் இந்த வாசல் ஒருமுறை திறந்தது. 2018 பெப்ரவரியில் கொழும்புக் காலிமுகத்திடலில் நடந்த அயன்மேன் 70.3 போட்டியே தெற்காசியாவில் நடந்த முதலாவது அயன்மேன் போட்டி. பட்டம் விடும் சிறுவர்களும், இறால்வடை விற்போரும், மாலைக்காற்று வாங்கும் குடும்பங்களும் நிறைந்திருக்கும் அந்தத் திடல், உலகெங்குமிருந்து வந்த வீரர்கள் ஈரத்தோடு ஓடிவந்து சைக்கிளை எடுக்கும் களமாக மாறியது. 2019 பெப்ரவரியிலும் 2020 பெப்ரவரியிலும் அது தொடர்ந்தது. உயிர்த்த ஞாயிறு தினத்தின் துயரம், அதை அடுத்து உலகையே முடக்கிய கொள்ளைநோய், அதற்கும் அடுத்து 2022 இன் பொருளாதார வீழ்ச்சி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்த ஆபத்துகளுக்கிடையே அத்தொடர் அறுந்துபோயிற்று.

இந்தியாவின் முதலாவது 70.3 போட்டி 2019 ஒக்டோபரில் கோவாவில் நடந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பிழைப்புக்காகச் சென்று வாழும் வளைகுடாவில், துபாயும் பஹ்ரைனும் இப்போட்டியை நடத்தியிருக்கின்றன. ஆகவே அம்பாறைக் கரையில் பிறந்த ஒருவர் இன்று இவ்வாசலை அடைவதானால், பெரும்பாலும் கடல் கடந்தே அடைய வேண்டியிருக்கிறது.

கரையில் இருப்பவை

வாசல் தூரத்தில் இருக்கிறது என்று மனம் சோர்வதற்கு முன், கையில் இருப்பவற்றை எண்ணிப் பார்ப்பது புத்திசாலித்தனம். நீந்துவதற்குக் கடல் வீட்டு வாசலில் கிடக்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அது கொந்தளித்தாலும், ஆண்டின் நடுப்பகுதியில் பல காலைகளில் குளம்போல் அடங்கிக் கிடக்கும். சைக்கிள் மிதிப்பதற்கு, காரைதீவு, கல்முனை வழியாக வடக்கேயும், ஒலுவில், அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில்வரை தெற்கேயும் செல்லும் கரையோரப் பெருந்தெரு இருக்கிறது. ஏற்றமில்லாத அத்தெருவில் மலைக்குப் பதிலாகக் கச்சான் காற்றே மிதிப்பவரின் மார்பில் கைவைத்துத் தள்ளி, தேகவலிமையைப் பரீட்சிக்கும். ஓடுவதற்கு வயல்வெளிகளுக்கிடையே செல்லும் பாதைகள் எத்தனையோ. கபடியில் தேசிய அணிக்கே வீரர்களைத் தந்த ஊருக்கு, சரீர உழைப்பின் பெருமையை யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

கடலைப் பொறுத்தவரையில் ஈழத்துத் தமிழருக்கு மகத்தான முன்னோடிகள் உண்டு. 1954 இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார் நவரத்தினசாமி. 1971 இல் அதே துறையிலிருந்து புறப்பட்டு, அக்கரை சென்று இக்கரை மீண்டு உலகை வியக்கவைத்தார் ஆழிக்குமரன் என்று ஜனங்கள் அன்போடு அழைத்த ஆனந்தன். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியிலேயே அவர் உயிர் நீத்தார். அவர்களுக்கு இடம் கொடுக்க ஒரு குழுவோ, குலுக்கலோ, கட்டணச் சீட்டோ இருக்கவில்லை. கடலிடமே அனுமதி கேட்டார்கள்.

ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பின், மருதமுனையிலிருந்து நிந்தவூர்வரை இந்தக் கரையின் தாய்மாருக்குக் கடல் பழைய கடலாக இல்லை. மகன் கடலுக்குப் போகிறேன் என்று சொன்னால் உள்ளம் பதறும் தாயை எந்தச் சாதனைக் கதையும் உடனே ஆறுதல்படுத்திவிடாது. அந்த அச்சத்தைப் பழித்துப் பேச இக்கட்டுரையாளனுக்கு மனம் வரவில்லை. ஆனால் அச்சத்துக்கு மருந்து கடலை விட்டு விலகுவதில் இல்லை என்பதும், முறையாக நீந்தக் கற்ற பிள்ளையே கரையோர ஊரின் பாதுகாப்பு என்பதும் என் உறுதியான நம்பிக்கை. அந்தப் பயிற்சி ஆண்பிள்ளைகளோடு நின்றுவிடாமல், நம் பெண்பிள்ளைகளுக்கும் அவர்களுக்குரிய மறைவோடும் கண்ணியத்தோடும், பெண் பயிற்றுநர்களைக் கொண்டு, தனிநேரம் வகுத்து அளிக்கப்படுதல் வேண்டும். வெள்ளம் வரும்போது அது ஆண் பெண் பார்த்து வருவதில்லை.

நம் முற்றத்தில் ஒரு பந்தயம்

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். நான்கு வாசல்களுள் எது நியாயமானது? திறமை ஒன்றையே பார்த்தால் வசதியற்றவன் பின்தங்குகிறான். சீட்டு ஒன்றையே நம்பினால் உழைத்தவன் ஏமாறுகிறான். வரிசை ஒன்றே போதுமென்றால் தூரத்து ஊர்க்காரன் துன்புறுகிறான். பணம் ஒன்றே பேசுமானால் ஏழை வாய்மூடி நிற்கிறான். இவற்றுக்கு விடை நம் கடற்கரைகளிலேயே இருக்கிறது. நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை போடும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பங்கிடும் வழக்கமும், தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியில் பாடு வகுத்து முறைமாற்றிக்கொள்ளும் வழக்கமும் தலைமுறைகளைக் கடந்து நின்றதற்குக் காரணம், அவை இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே விதித்தமைதான். தொழிலை அறிந்து, வலையும் ஆளும் ஆயத்தமாக வைத்திருப்பவனுக்கே பாடு உண்டு. அப்படி ஆயத்தமாக இருப்போர் அனைவருக்கும் முறைவைத்துப் பாடு உண்டு. முதலில் பாடுபட வேண்டும். பட்டவர்களுக்கிடையே பேதம் பாராட்டக்கூடாது.

இதே விதியின்படி நம் கரையில் ஒரு சிறு பந்தயம் தொடங்கலாகாதா? ஐந்நூறு மீற்றர் நீச்சல், இருபது கிலோமீற்றர் சைக்கிள், ஐந்து கிலோமீற்றர் ஓட்டம். கடல் அடங்கியிருக்கும் ஒரு காலைப்பொழுது. நீச்சல்காரரோடு கூடவே செல்லும் நம் மீனவரின் தோணிகள். தெருவோரத்தில் தண்ணீர் கொடுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நிந்தவூரோடு காரைதீவின் தமிழ் இளைஞரும், உட்பகுதிகளிலிருந்து சிங்கள இளைஞரும் வந்து கலந்து நிற்கும் ஒரு தொடக்கக்கோடு. நீச்சல் தேர்ந்தவர் என்று பயிற்றுநர் சான்று கூறும் எவரும் பெயர் கொடுக்கலாம். பெயர்கள் மிகுந்தால் ஒருவருக்கு ஒரு சீட்டு, ஒரே குலுக்கல். இம்முறை கிடைக்காதவருக்கு அடுத்த முறை குலுக்கலின்றியே இடம். ரோத்தும் ஒருநாள் இப்படித்தான் தொடங்கியது. நம் அளவே உள்ள ஓர் ஊரின் வாசலில் இன்று உலகம் பாய்போட்டுப் படுத்துக் காத்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் அவர்களுடைய கால்வாயின் அழகன்று; நாற்பது வருஷங்களாக அவ்வூரார் ஒன்றுகூடிப் பட்ட பாடே.

இதற்குள் சூரியன் எழுந்து, வலை கரையேறி, மீன் பங்கிடப்பட்டுவிட்டது. ஆரவாரம் அடங்கிய மணலில், இன்று முறை இல்லாத ஒருவர் நிழல் பார்த்து உட்கார்ந்து, தம் வலையின் கிழிசல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பின்னிக்கொண்டிருக்கிறார். அவருடைய பாடு நாளைக்கா, மறுநாளைக்கா என்பது அவர் கையில் இல்லை. அது வரும்போது வலை முழுதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கையில் இருக்கிறது.